பார்க்கிறவர்களைப் பார்த்தவர்

பந்து எங்கே இருக்கிறது என்று எங்கள் ஆபீஸ் அக்காவைக் கேட்டால் தெரியாது. பந்தைப் பார்க்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள், மூச்சை உள்ளே இழுத்தார்களா வெளியே விட்டார்களா என்று கேட்டால் தெரியும். அவர் வேலையே அதுதான். வேலையாக வந்து குணமாகிப் போனதா, குணமாக இருந்ததற்குத்தான் அந்த வேலை வாய்த்ததா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். எங்களுக்கு வேலை கொடுத்தது அமெரிக்காவில் ஒரு கால்பந்துக் கிளப். அவர்கள் ஊரில் கால்பந்து என்று சொன்னால் வேறொரு ஆட்டம், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி முட்டிக்கொள்வது. நம் கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். அந்தக் கிளப்பின் மைதானத்தில் ஆட்டக்காரர்களைப் பிடிக்கும் காமிராக்கள் போக, கூட்டத்தை மட்டும் பிடிக்கும் காமிராக்களும் இருந்தன. அங்கே ராத்திரி ஆட்டம் முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போகிற நேரத்தில் இங்கே நாங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் படி ஏறிக்கொண்டிருப்போம். அவர்கள் தூங்கி எழுவதற்குள் அந்தக் கூட்டத்து வீடியோவை முழுக்கப் பார்த்து, நல்ல முகங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மகிழ்ச்சி, ஏமாற்றம், கோபம், சலிப்பு என்று ஒரு பெயர் ஒட்டி அனுப்பிவிட வேண்டும். கிளப் அவற்றைத் தன் இணையப் பக்கத்தில் போட்டு ஆள் பிடிக்கும். டிக்கெட் வாங்கு, நீயும் வந்தால் இப்படித்தான் குதிப்பாய் என்று.

எனக்கு அது வயிற்றுப்பாடு. பக்கத்து நாற்காலி அக்காவோ திரைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுவார்.

திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லி. கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கும் செயின். வந்ததும் மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைப்பார். இன்னொரு காது எங்களுக்கு. எங்களில் யார் பெருமூச்சு விட்டாலும் திரும்பாமலே, "இன்னா, வூட்ல சண்டையா?" என்பார். பெரும்பாலும் சண்டைதான்.

ஒரு தாத்தா இருந்தார். நாலாவது வரிசை, ஓரத்து இருக்கை. அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்கள் சிலர், பந்து தங்கள் பக்கம் பறந்து வந்தால் பிடிக்க ஒரு தோல் கையுறையோடு போவார்களாம். இந்தத் தாத்தா சாக்கருக்கும் அந்தக் கையுறையோடு வந்துவிட்டார். பக்கத்தில் பேரன்.

"தம்பி, இந்த ஆளப் பாரேன்," என்று அக்கா என் நாற்காலியை இழுத்தார். "பேரன் இஸ்துக்கினு வந்துட்டான். இவுருக்கு இன்னும் எதுக்கு வந்தோம்னே தெரியல."

தெரியவில்லைதான். ஆட்டம் எப்போது நிற்கும், எப்போது எழுந்துபோய் எதையாவது வாங்கித் தின்னலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஆட்டம் நிற்காது. பொறுக்காமல் எழுந்து போவார். அவர் போன நேரத்தில் ஏதாவது நடந்துவிடும். தீனியோடு திரும்பி வந்தவரைப் பேரன் முறைப்பான். அடுத்த வாரம் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் பொட்டலம் மடியிலேயே பிரிக்காமல் கிடந்தது. பிறகு ஒரு நாள் காலையில் அக்கா போட்ட சத்தத்தில் கீழே மெடிக்கல் ஷாப்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

"தம்பி! கையுறை இல்ல! எடுத்துக்கினு வர்ல!"

திரையில் தாத்தாவின் இரண்டு கைகளும் அவர் வழுக்கைத் தலைமேல் இருந்தன. வாய் பிளந்திருந்தது. கோல் விழவில்லை, கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தது. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அக்காவுக்கு அது எப்போதுமே தெரியாது.

"கைய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியாம அது பாட்டுக்கு தலைக்குப் போச்சுன்னா, ஆளு மாட்டிக்கினான்னு அர்த்தம்," என்றார். "இனிமே அவரு பேரன இஸ்துக்கினு வருவாரு, பாரு."

அமெரிக்கர்களுக்கு இந்த ஆட்டம் எப்படிப் பிடித்தது என்பதற்கு அக்காவிடம் ஒரு விளக்கம் இருந்தது. அவர்களுடைய மற்ற ஆட்டங்களில் எண்கள் மடமடவென்று ஏறும். கொஞ்ச நேரம் ஆடுவார்கள், நிறுத்துவார்கள், விளம்பரம் போடுவார்கள், ஜனங்கள் எழுந்து போய் வருவார்கள். இதில் ஒன்றுமே நடக்காமல் முக்கால் மணி நேரம் போகும், போனது தெரியாது. இது எப்படி அவர்களுக்குப் பிடிக்கும் என்று நான் கேட்டேன்.

"நீ எந்த பஸ்ல வர்ற?"

"டவுன் பஸ்."

"அதான். அது நின்னு நின்னு போவும். ஏறுவான், எறங்குவான், நீ பாட்டுக்கு செல்லு பாத்துக்கினு வருவ. நான் வர்றது பாயிண்ட் டு பாயிண்ட். திண்டிவனத்துல கதவச் சாத்தினா விழுப்புரத்துலதான் தொறப்பான். கூட்டேரிப்பட்டுல எங்க வூட்டுக்காரு கடையே கண்ணுல தெரியும், எறங்க முடியாது. அப்ப இன்னா பண்றது? பக்கத்துல இருக்கற மூஞ்சியத்தான் பாக்கணும். அவகிட்டதான் பேசணும். தெனம் பேசினா சொந்தமாயிடுறா. அந்த ஜனங்களுக்கு இது வரைக்கும் நிக்காத ஒண்ணு கெடைக்கவே இல்ல தம்பி. இப்ப கெடைச்சிருக்குது."

சரியா தப்பா தெரியாது. ஆனால் கோல் கம்பத்துக்குப் பின்னால், நாற்காலியில் ஒருவரும் உட்காராத அந்தப் பகுதியை அவர் காட்டும்போது நம்பத் தோன்றும். அங்கே மேளம் அடிப்பவர்கள் பெரும்பாலும் நம் நிறத்தில் இருப்பார்கள். அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கும் நாடுகளிலிருந்து வந்து அந்த ஊரில் சமைக்கிறவர்கள், கூரை போடுகிறவர்கள். ஆட்டத்தை அவர்கள் கூடவே கொண்டு வந்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் அவர்கள் பாட்டை மொழி தெரியாமல் வாயசைத்து, அடுத்த வாரம் பாதி கற்று, அதற்கடுத்த வாரம் கழுத்துத் துண்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு முழுப் பாட்டையும் தப்புத்தப்பாகப் பாடுவார்கள். அந்தத் தப்புகளை அக்கா ரசித்தார்.

இந்தப் பார்வையை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது. எங்களோடு வேலை பார்த்த பெண் ஒருத்திக்குக் குழந்தை வரம் கேட்டு வேண்டுதல் என்று எல்லோரும் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போயிருந்தோம். அக்காவும் வந்தார். தீபாராதனை. எல்லோரும் கை கூப்பிக்கொண்டு உள்ளே பார்க்க, அக்கா மட்டும் கருவறைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார். தட்டோடு வந்த குருக்கள் திகைத்துவிட்டார்.

"அம்மா, சாமி இந்தப் பக்கம்."

"தெரியுதுங்க சாமி. அவரத்தான் இத்தினி பேரு பாத்துக்கினு இருக்காங்களே."

குருக்கள் தட்டை அடுத்தவரிடம் நீட்டினார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குழந்தைக்காக வேண்டிக்கல. வூட்டுக்காரு உன்னோட பேசணும்னு வேண்டிக்கின," என்றார். அவள் அழுதுவிட்டாள். அன்று பஸ்ஸில் நான் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ என்று பயமாக இருந்தது.

எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவார் என்றும் இல்லை. ஒரு முறை எங்கள் டீம் லீடர், அக்காவின் பாதி வயதுப் பிள்ளை, லேப்டாப்போடு வந்து நின்றான்.

"இன்னாக்கா இது? கோலு எங்க? ஒரு ஆளு சும்மா உக்காந்துக்கினு இருக்கான், அத வெட்டி அனுப்பியிருக்கீங்க. சலிப்புன்னு போட்டாலும் பரவால்ல, மகிழ்ச்சின்னு போட்டிருக்கீங்க. க்ளையண்ட் திருப்பி அனுப்பிட்டான்."

"அவன் மூச்சே வுடல, பாருங்க சார்."

நானும் பார்த்தேன். சலித்துப்போன ஆள் மாதிரிதான் இருந்தான். மூச்சும் விட்டுக்கொண்டுதான் இருந்தான். அக்கா முணுமுணுத்துக்கொண்டே பெயரை மாற்றினார்.

அவர் ஒரு வகை வீடியோவை மட்டும் வெட்டி முடித்த பிறகும் மூட மாட்டார். பெண்கள் அணி ஆடும் ஆட்டங்கள். அந்தக் கூட்டத்தில் குதிரைவால் கட்டிய சிறுமிகள் நிறைய. அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் அப்பாக்கள். சிலருக்கு ஆட்டம் தெரியாது என்று பார்த்தாலே தெரியும்; மகள் குதித்தால் அரை நொடி பிந்திக் குதிப்பார்கள்.

"இந்த அப்பனுங்க ஒவ்வொருத்தனும் மொதல்ல வாணாம்னு சொல்லியிருப்பான் தம்பி," என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். "யாரோ ஒருத்தி இஸ்துக்கினு வந்து நிறுத்தியிருப்பா."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய மகள் திண்டிவனத்தில் கான்வென்ட்டில் பதினொன்றாவது. பள்ளி அணியில் முன்னால் ஆடுகிறவள். வெளியூரில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருந்தது; அங்கேயே படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம். அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாதம் முடிவதற்குள் சொல்லாவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். அப்பா சொல்லவில்லை.

அவரை எனக்குத் தெரியும். மாமா என்று கூப்பிடுவேன். கூட்டேரிப்பட்டில் ஹைவே ஓரம் டயர் கடை. அந்த வழியாக இரவல் பைக்கில் போனபோது வண்டியை ஓரம் கட்டினேன்.

"அவ அனுப்புனாளா?" என்றார் மாமா, டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே.

"இல்ல மாமா, காத்து அடிக்கத்தான்..."

"காத்து நல்லாத்தான் இருக்குது. ஒக்காரு." நிமிர்ந்தார். "தம்பி, நான் இந்த ரோட்டப் பாத்துக்கினே இருக்கறவன். வேகமா போறது எல்லாத்தையும் பாக்கறேன். அதுல எது எது திரும்பி வருது, எந்த கோலத்துல வருதுன்னும் பாக்கறேன். எங்க வூட்ல பொண்ணுன்னு அவ ஒருத்திதான். முட்டி போச்சுன்னா? ஊரு பேரு தெரியாத எடத்துல கால ஒடைச்சிக்கினு படுத்துக் கெடந்தா?"

"ஒரு மேட்சாவது பாத்திருக்கீங்களா மாமா?"

"பாத்துட்டா வாணாம்னு சொல்ல வாய் வராதுன்னுதான் பாக்கல."

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் அன்று பிற்பகல் முழுக்க ஒரு முகத்தைக்கூட வெட்டவில்லை. மறுநாள் திட்டத்தோடு வந்தார்.

கான்வென்ட் வேனுக்குப் பின் சக்கரத்து டயர் மாற்ற வேண்டியிருந்தது. தலைமை சிஸ்டரிடம் பேசி, அந்த வேலையைச் சனிக்கிழமை மாலைக்கு, மைதானத்து ஓரத்திலேயே வேனை நிறுத்திச் செய்கிற மாதிரி வைத்துக்கொண்டார். அதே நேரத்தில் விழுப்புரம் பள்ளி ஒன்றோடு ஆட்டம். மாமா டயர் மாற்ற மட்டும் வருவார். அப்படியே மாட்டிக்கொள்வார்.

"நீயும் வா," என்றார் என்னிடம். "எனக்கு ஒரு சாட்சி வேணும். கை மட்டும் தலைக்குப் போவட்டும், அங்கேயே புடிச்சிக்கறேன்."

போனேன். செம்மண் மைதானம். கோல் கம்பத்தில் பழைய மீன்வலை. சுற்றிலும் சீருடைப் பிள்ளைகள், வேலியில் சைக்கிளோடு சாய்ந்து நிற்கும் ஆட்கள், வேர்க்கடலைக் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மல்லாட்டை விற்பதை மறந்துபோன ஒரு அம்மாள். புங்கமரத்தடியில் வேன். மாமா ஜாக்கி வைத்துத் தூக்கி, நட்டுகளைக் கழற்றி, பழைய சக்கரத்தை உருட்டி எடுத்தார். விசில் ஊதி ஆட்டம் தொடங்கியது. அக்கா மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வேனைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அக்கா, பொண்ணுகிட்ட பந்து!"

"நீ பாரு. நான் அவரப் பாக்கறேன்."

பாதி ஆட்டம் போனது. அக்கா என் சட்டையைப் பிடித்தார்.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி. கையப் பாரு."

பார்த்தேன். மாமா வேன் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை கறுப்பு கிரீஸ். சட்டையில் படாமல், உடம்பில் படாமல், இரண்டையும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். அந்தக் கைகள் தலைக்குப் போகாது. எங்கேயும் போகாது. டயர் வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டதே அக்காதான்.

"எத்தினி ஆயிரம் பேரப் பாத்தேன், எல்லாம் கழுவுன கை," என்று சொல்லி அக்கா தன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாமாவின் முகத்தைப் பார்க்கலாம் என்றால் வியர்வையும் கரியும். வாய் இறுக மூடியிருந்தது. இரண்டாவது பாதியும் கரைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அக்கா ஒரு கணம்கூடத் திரும்பவில்லை. நான் அமெரிக்காவிலிருந்து வந்த வீடியோக்களில் அப்போது அக்காவுக்கு இருந்த மாதிரி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் மைதானத்தைப் பார்ப்பதுபோல் அவர் மாமாவைப் பார்த்தார்.

கான்வென்ட் அணியில் பின்னால் ஆடிய ஒரு பெண் பந்தை நீளமாக உதைத்தாள். அக்காவின் மகள் எல்லோரையும் தாண்டி ஏற்கெனவே அங்கே இருந்தாள். பந்து தரையில் ஒரு தட்டுத் தட்டி எழும்ப, காலை வீசினாள். மீன்வலை உப்பியது. மைதானமே கத்தியது. அந்தக் கத்தலுக்குள் நடுவரின் விசில். கை தூக்கியிருந்தார். ஆஃப்சைடு. கோல் இல்லை.

என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் என்னைத் தாண்டி யாரோ ஓடினார்கள். மாமா. கையில் வீல் ஸ்பானர்.

"ஐயோ, அடிக்கப் போறாரு!" என்று மல்லாட்டைக்கார அம்மாள் கத்தினார். நடுவர், கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர், நாலடி பின்னால் நகர்ந்தார். பெண்கள் இரு பக்கமும் விலகினார்கள்.

"எதுக்கு ஊதுன?"

"ஆஃப்சைடு சார். மொதல்ல அந்த ஸ்பானரக் கீழ போடுங்க."

"அப்பிடின்னா இன்னா?"

"பந்த ஒதைக்கும்போது அந்தப் பொண்ணு எதிர் டீம் எல்லாரையும் தாண்டி முன்னாடி நின்னாங்க சார். கீப்பர் மட்டுந்தான் எதிர்ல. அப்படி நிக்கக் கூடாது. ரூலு."

"முன்னாடி ஓடுனது ஒரு தப்பா?" மாமாவின் குரல் பள்ளிக் கட்டடத்தில் பட்டுத் திரும்பியது. "ஓடத் தெரிஞ்சவ ஓடுறா. மத்தவங்க வர்ற வரைக்கும் அவ நின்னுக்கினு இருக்கணுமா? எவன்யா போட்டான் இந்த ரூல?"

நடுவருக்கு ரூல்தான் தெரியும், போட்டவரைத் தெரியாது. சிஸ்டர் வந்து, "வாங்க, வாங்க, வெளிய வாங்க," என்று அவரைத் தோளைத் தொடாமல் தள்ளிக்கொண்டு வந்தார். மாமா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்போதுதான் நான் வேனைப் பார்த்தேன். அது ஜாக்கியிலேயே நின்றது. புதுச் சக்கரம் மாட்டப்படவே இல்லை. கழற்றிய நட்டுகள் துணியின்மேல் வைத்தபடி கிடந்தன. ஆட்டம் தொடங்க விசில் ஊதிய நிமிஷத்திலிருந்து மாமா ஒரு வேலையும் செய்யவில்லை. அத்தனை நேரம் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்த அக்காவும் நானும் அதைப் பார்க்கவில்லை.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அக்காவின் மகள் வியர்வையும் செம்மண்ணுமாக ஓடி வந்தாள். அப்பா பக்கம் போகவில்லை, பயம். அம்மாவின் முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி, பாக்காம?"

"பொய் சொல்ற. நீ திரும்பி நின்னுக்கினு இருந்த. எந்தக் கால்ல அடிச்சேன், சொல்லு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எடது காலு."

மாமா கைகளைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. மகளின் கால்களை மட்டும் பார்த்தார், கடைக்கு வந்த வண்டியைப் பார்க்கிற மாதிரி.

"சோத்துக் கையால திங்கற, பீச்சக் காலால ஒதைக்கற. எப்பக் கத்துக்கின அத?" என்றார். பிறகு, "வலது ஷூவுல அடி பேந்துக்கினு தொங்குது. அதோடவா ஹாஸ்டலுக்குப் போவ? டயர் கடக்காரன் பொண்ணு அடி தேஞ்சு வந்திருக்குதுன்னு அங்க இருக்கறவங்க என்னப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

பெண்ணுக்கு அது என்ன வாக்கியம் என்று புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அழவும் இல்லை, குதிக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஷூவையே பார்த்தபடி சொன்னாள்:

"அது கோலே இல்லன்னு சொல்லிட்டாங்கப்பா."

"அவனுங்க கெடக்கறானுங்க," என்றார் மாமா. "நான் பாத்தேன்ல."